கறுப்பு டேப்புக்கு அடியில்

மடிக்கணினியின் மேல்விளிம்பில், கேமராக் கண்ணை மறைக்காமல் அதன் பக்கத்தில் மட்டும், கணவன் சுயம்புலிங்கம் ஒட்டிக் கொடுத்திருந்த கறுப்பு டேப் வெக்கையில் பசை விட்டு விழுந்தபோதுதான், அதற்கடியில் கேமராவின் சின்ன பச்சை விளக்கு எரிந்துகொண்டிருப்பதை வேல்விழி பார்த்தாள். பிரவுசரோ, கேமராவே இல்லை என்றது.

மறுநாள் காலை அவளுக்கு வீடியோவில் நேர்காணல். அந்த வேலை கிடைத்தால் கோயம்புத்தூருக்குப் போய்க் கணவனோடு இருக்கலாம். ஆடியில் மாற்றலாகிப் போகுமுன் இந்தப் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தவன் அவன்தான். அதிலிருந்து எட்டு மாதமாகச் சங்கரன்கோவில் வீட்டில் அவள் மட்டும்.

வேறொரு பிரவுசரை ஏற்றினாள், அனுமதிகளை மாற்றினாள், அணைத்துத் திறந்தாள். அடுத்த தெரு விசைத்தறிகளின் கடகடப்பும் நூலுக்குப் போடும் கஞ்சியின் புளித்த வாடையும் சன்னல் வழியே வந்துகொண்டேயிருக்க, முருங்கை நிழல் சுவரில் ஏறி மெல்ல இருட்டோடு கலந்தது. கடைசியில் கல்லூரித் தோழி ஷஹீராவை அழைத்தாள்.

"கேமரா கெட்டுப்போகல ஏட்டி. வேற ஏதோ புரோகிராம் அதப் பிடிச்சு வச்சிருக்கு. நான் சொல்லுதத அடி."

அடித்தாள். திரையில் ஒரே ஒரு வரி. வேல்விழி அதை வாசிக்க வாசிக்க, ஷஹீரா விளக்கினாள். மடிக்கணினி திறந்திருக்கும் நேரமெல்லாம் கேமராப் படத்தை வெளியே அனுப்பும் புரோகிராம். ஆடியில் போட்டது. போட்டவர் பெயர், சுயம்பு.

ஷஹீரா அதை நிறுத்தும் கட்டளையைச் சொன்னாள். "முதல்ல சுயம்பு அண்ணன்கிட்ட கேளு."

கரண்ட் போனது. தறிகள் ஒன்றாய் நின்றன. அறையில் திரையின் வெளிச்சம் மட்டும்.

சுயம்புலிங்கத்தை அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"என்னய வேவு பாத்தீங்களா?" தலை துவட்டியது, தனியே உட்கார்ந்து அழுதது, அத்தனையும் பார்த்திருக்கிறான்.

"உன்னப் பாக்கல, வேலு."

"பெறவு?"



"அது அங்கனதான் இருக்கான்னு பாத்தேன்."

"எது?"

"முதல்ல எம் பின்னாலதான் நின்னுச்சு. பெறவு உம் பக்கம் நகந்துட்டு. அன்னைக்கே மாத்தல் கேட்டேன்." தொண்டையைச் செருமினான். "நீ இங்க வராத. உங்கூட இருக்குத வரைக்கும் அது எங்கிட்ட வராது."

"தெரிஞ்சேவா என்னய விட்டுட்டுப் போனீங்க?"

அவன் போனை வைத்துவிட்டான். மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி. சுவிட்ச் ஆஃப்.

பொய். பொய்யாகத்தான் இருக்கும். வேவு பார்த்ததை மறைக்க ஒரு கதை.

ஷஹீரா சொன்ன கட்டளையை அடித்தாள். பச்சை விளக்கு அணைந்தது. கேமராவை அனுமதிக்கலாமா என்று பிரவுசர் கேட்டது.

அனுமதித்தாள்.

கறுப்பு. பிறகு புள்ளி புள்ளியாய் அவள் முகம். பின்னால் சுவர்.

இடது தோளில் ஒரு முகவாய்.

தூக்கத்தில் குழந்தை சாய்வதுபோல் சாய்ந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. தோளில் பாரம் இல்லை. கழுத்தில் மூச்சு படவில்லை.

அவள் அசையவில்லை.

திரையில், அவள் கன்னத்தை ஒட்டி, அது கண் விழித்தது.