பனியில் முதுகு காட்டி நின்றவள்

உறைந்த ஆற்றின் மேல் யாரை எங்கே நிறுத்துவது என்பது ஹிலேயின் வேலை. வானம், பனி, மொட்டை மரங்கள் எல்லாம் அவள் கணவன் யோரிஸ் வரைவான். சறுக்கி விழும் பிள்ளைகளையும் விறகு சுமக்கும் கிழவர்களையும் அவள் சன்னத் தூரிகையால் அதன்மேல் வைப்பாள். ஹார்லெம் சந்தையில் படம் அவன் பெயரில்தான் விற்கும். அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இன்று, அவள் வைக்காத ஒருத்தி படத்தில் நின்றாள்.

கையில் காலி வாளி. முதுகு இந்தப் பக்கம். ஹிலே தொட்டுப் பார்த்தாள். நேற்று வைத்தவர்களின் சாயம் இன்னும் விரலில் ஒட்டியது. இவள் மட்டும் என்றைக்கோ காய்ந்துபோயிருந்தாள்.

"இவள யாரு வரைஞ்சது?"

"நீதான். மனுசங்கள நானா வரையறேன்?" யோரிஸ் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"நான் யாரையும் முதுகு காட்டி நிக்க வைக்கமாட்டேன். டிர்க்யே நெனப்பு இன்னும் விடலன்னா நேரா சொல்லிடுங்க."

டிர்க்யே அவனுடைய முதல் மனைவி. போன குளிர்காலத்தில், தண்ணீர் மொள்ள வாசலுக்கு நேரே ஆற்றுப் பனியில் வெட்டிய குழிக்குள் விழுந்தவள். உடல்கூடக் கிடைக்கவில்லை.

படத்தில் அந்தக் குழியும் இருந்தது. குழி வெட்டியவர்கள் பக்கத்தில் ஒரு கிளையை நட்டுவைப்பது ஊர் வழக்கம். மங்கலில் யாரும் கால் வைத்துவிடக் கூடாதல்லவா. இங்கே கிளையைக் காணவில்லை.

"கிளை எங்க?"

"அன்னைக்குக் கிளை ஏது?" என்றவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

கிளையை நட்டேன், காற்று கொண்டுபோய்விட்டது என்று போதகர் முன்னால் சத்தியம் செய்தவன் அவன். ஆளிவிதை எண்ணெய் வாடை அடித்த அந்தச் சின்ன அறையில், அவன் ஹிலேயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தண்ணி தீந்துபோச்சு. பொழுது சாயறதுக்குள்ள ஒரு வாளி கொண்டா."

"கால் சுளுக்கியிருக்கு. நீங்களே போங்க."

"காலையில நல்லாத்தானே நடந்த?"

"காலையில நல்லாத்தான் இருந்துச்சு."

வாளியைப் பிடுங்கிக்கொண்டு போனான். ஹிலே உடனே தாழ்ப்பாளைப் போட்டாள். அவன் மரச்செருப்பு பனியை நொறுக்கும் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

அவள் இல்லை. குழி மட்டும்.

ஜன்னலுக்கு ஓடினாள். யோரிஸ் குனிந்து தண்ணீர் மொண்டுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஒருத்தி. முதுகு இந்தப் பக்கம்.

கத்தினால் கேட்கும் தூரம்தான். ஹிலே வாயைத் திறந்தாள். என்னையும் இப்படித்தானே அனுப்பப் பார்த்தான் என்று நினைத்தாள். மூடிக்கொண்டாள்.

தண்ணீர் ஒருமுறை தளும்பியது. அவ்வளவுதான்.

பிறகு நடை. மெல்ல. ஈரம் சொட்டச் சொட்ட. வாசலில் நின்றது.

தாழ்ப்பாள் தானே விலகியது. கதவு கொஞ்சமாகத் திறக்க, நிறைந்த வாளி உள்ளே வந்தது. பிடித்திருந்த கை நீலம் பாரித்து, தோல் ஊறித் தொங்கியது. பெண்ணின் கை.

"ஒரு வாளி போதுமா, தங்கச்சி?"

கை வாளியை விடவில்லை. பதிலுக்குக் காத்திருந்தது.