கதவருகே நாற்பது விநாடி

மூன்று மணிக்குள் இணையதளத்தில் ஆட்கள் தங்கும் நேரம் இரட்டிப்பாகவில்லை என்றால் தளத்தை மூடிவிடுவார்கள். தளம் மூடினால் நாட்டிலுள்ள அத்தனை நிழல்வட்டுகளும் செத்துப்போகும்.

தளத்தை வடிவமைக்கும் வெண்பாவுக்கு வேலை போகுமே என்ற கவலை இல்லை. இறந்துபோன கணவன் செழியன் மறுபடி போய்விடுவானே என்ற கவலைதான்.

நிழல்வட்டை இயக்கியில் செருகினால், அதில் பதிவானவர் ஒளியுருவமாக வீட்டுக் கூடத்தில் வந்து உட்காருவார். அவர் இருக்கும்வரை இயக்கி நிறுவனத்தின் இணையதளத்தோடு இணைந்தே இருக்கும்; அதுதான் தங்கும் நேரம். வட்டில் கீறல் இருந்தால் தளமே திருத்தி எழுதிவிடும். செழியனின் வட்டு பதினான்கு நிமிடம். சாவதற்கு இரண்டு வாரம் முன்பு விளையாட்டாகப் பதிந்தது. கடலை உரித்துக்கொண்டே பக்கத்து வீட்டு மோட்டாரின் சத்தத்தைத் திட்டுவான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, கதவருகே திரும்பிப் பார்த்து, "போயிட்டு வரேன்டி, சாத்திக்கோ" என்பான். அந்தக் கடைசி நாற்பது விநாடிக்காகத்தான் வெண்பா மோட்டார் கதை முழுவதையும் கேட்பாள். அவன் போவதற்காக வாசற்கதவைத் திறந்து வைத்துவிட்டே வட்டைச் செருகுவாள்.

ஒரே வாரத்தில் ஐந்து முறை தளத்தை மாற்றி வடிவமைத்தாகிவிட்டது. ஒன்றும் நகரவில்லை.

"மணி ரெண்டரை," என்றார் மேலாளர் ஜெரால்டு. "இனி மனுஷனால ஆகாதும்மா. வனைபொறிகிட்ட விட்டுடு."

வனைபொறி தளத்தைத் தானே மாற்றியமைக்கும். ஆட்கள் எங்கே எழுந்து போகிறார்கள் என்று பார்த்து அந்த இடத்தை வெட்டும்.

"எதைத் தொடக்கூடாதுன்னு அதுக்குப் பட்டியல் குடுக்கணும் சார். அரை நாள் வேலை."

"அரை நாள் இருக்கா?"

இல்லை. பட்டியல் கட்டத்தை வெறுமையாக விட்டு, கட்டளையை மட்டும் எழுதினாள்: யாரையும் எழுந்து போகவிடாதே.

இருபதே நிமிடத்தில் தங்கும் நேரம் நான்கு மடங்காகிவிட்டது. ஜெரால்டு நாற்காலியில் சரிந்து, "பொழைச்சோம்," என்றார்.

நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்து வைத்து, வட்டைச் செருகினாள். செழியன் கடலை உரித்தான். மோட்டாரைத் திட்டினான். எழுந்து செருப்பை மாட்ட வேண்டிய நேரத்தில் இன்னொரு கடலையை எடுத்தான். மறுபடி மோட்டார். மறுபடி கடலை.

ஜெரால்டை அழைத்தாள். "அவர் கிளம்ப மாட்டேங்குறார் சார்."

"எல்லா வீட்லயும் அப்படித்தான்மா," என்றார் அவர், குரல் இறங்கி. "போயிட்டு வரேன்னு சொன்னதும்தான் ஜனங்க இயக்கியை அணைச்சிட்டு எழுந்திருக்காங்க. அதனால அந்த இடத்தை வெட்டிருச்சு. செருகுன வட்டுலயெல்லாம் அழிஞ்சாச்சு. வேற நகல் கிடையாது."

வெண்பா திறந்திருந்த வாசற்கதவைப் பார்த்தாள்.

"எங்கம்மா மூணு மணிலருந்து அப்பா முன்னாடி உட்கார்ந்திருக்காங்க. சாப்பிடக் கூப்பிட்டா, 'அவர் கிளம்பட்டும், வரேன்'ங்குறாங்க."

இயக்கியின் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பேசிக்கொண்டிருப்பவனைப் பாதியில் எப்படி அணைப்பது? வெண்பா எதிரில் உட்கார்ந்தாள். கதவு திறந்தே கிடந்தது.

அலுவலகத் திரையில் தங்கியிருப்போர் எண்ணிக்கை ஒன்று கூடியது.