நகரி பஸ்ஸில் தொலைந்த பனிமலை

ரோஹிணி வந்தபோது நாகேந்திரன் போனில் ஒரு கல்யாண வீட்டாரிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

"முகூர்த்தத்துக்கு வந்து துன்னுட்டு சாயங்காலமே கிளம்பிடறேம்பா. ராத்திரி குப்பம் ஊர்ல தங்க முடியாது. இங்க கங்கம்மா ஜாத்ரைக்குத் தண்டோரா அடிச்சுச் சாட்டிம்பு போட்டாச்சு. இனி ஜாத்ரை முடியற வரைக்கும் திருப்பதிக்காரன் வெளியூர்ல படுக்கக் கூடாது. உனக்குத் தெரியாததா?"

போனை வைத்துவிட்டு அவளை உட்காரச் சொன்னார். ரயில்வே பார்சல் ஆபீசில் தொலைந்த மூட்டைகளைத் தேடித்தேடியே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும், ஊரில் எது காணாமல் போனாலும் அவரிடம்தான் வருவார்கள். கூடவே துப்புத் துலக்க ஓடி வருபவள் யமுனா. பக்கத்தில் டைப்பிங் சென்டர் நடத்துகிறாள். அன்றும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். ஒருவரைச் சந்தேகிக்க அவளுக்கு இரண்டு நிமிஷம் போதும், அதுவும் ரொம்ப அதிகம்.

ரோஹிணி நகரி நெசவுக் குடும்பத்துப் பெண். கணவரின் கம்ப்யூட்டர் வேலைக்காக ஜெர்மனி போனவள், அந்த மொழியையும் கற்றுக்கொண்டு திரும்பி, போன மாதம்தான் திருப்பதியில் குடியேறியிருந்தாள். ஜெர்மனியில் அப்போது புதிதாக வந்த ஒரு நாவலைத் தமிழில் மொழிபெயர்த்திருந்தாள். பூமி சூடேறியதால் ஆல்ப்ஸில் ஒரு கிராமத்துக்குத் தண்ணீர் தரும் பனிமலை உருகுகிறது. அந்த ஊர்த் தபால்காரி ஒருத்தி வெயில் காலம்தோறும் வெள்ளைத் துணி போர்த்தி அதைக் காப்பாற்றப் பார்க்கிறாள். கதை அவ்வளவுதான்.

"திருத்தின புரூஃப் கட்டு காணோம் சார். எல்லாம் கையால எழுதின திருத்தம், வேற காப்பி இல்ல. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சென்னை அச்சகத்துல கொடுக்கலைன்னா பதிப்பாளர் புத்தகத்தையே கைவிட்டுடுவாரு. 'இந்த வெயில்ல வேகறவன் எவன் அங்க பனி உருகறதுக்கு அழப்போறான்'னு அவரு முதல்லேருந்தே சொல்லிக்கினு இருக்காரு. எனக்கும் அந்த பயம் உண்டு சார். ஆனா மூணு வருஷமா இதோடயே வாழ்ந்துட்டேன்."

கட்டைச் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டியவர் புரூஃப் திருத்துபவரான திருவேங்கடம். ரோஹிணியோடு வந்தவர் வாசலிலேயே தயங்கி நின்றார். குளித்துத் தலை வாரியிருந்தார், ஆனால் காதுக்குப் பின்னால் வெள்ளையாக நாமக்கட்டி ஒட்டியிருந்தது. சட்டை ஓரத்தில் பிளாஸ்டிக் துணி கிளிப் இரண்டு தொங்கின. மனிதருக்கு அதுவே தெரியவில்லை.

"நேத்து சாயங்காலம் கிளம்பினேன் சார். ராத்திரி நகரியில தங்கச்சி வீட்டுல படுத்துக்கினு, விடிகாலையில பஸ் ஏறினேன். கண் அசந்துட்டேன். முழிச்சுப் பார்த்தா மடியில பை இல்ல." ஜன்னலை எட்டிப் பார்த்தார். "இன்னிக்கு மழை வருமா சார்?"

"மே மாசத்துலயா? அது கிடக்கட்டும். நேத்து ஜாத்ரைக்கு வேஷம் கட்டினீங்களா?"

"பகல்ல உடம்பு பூரா நாமக்கட்டி பூசி பைராகி வேஷம் சார். எங்க நைனா காலத்துலேருந்து ஒரு வருஷம் தவறினதில்ல."

"புத்தகம் எப்படி?"

திருவேங்கடத்தின் முகம் மலர்ந்தது. "அந்தத் தபால்காரி இருக்கா பாருங்க. ஊரே மூட்டை கட்டும்போது, ஒத்தையா ஏணி போட்டு, கிழிஞ்ச துணியைத் தைச்சுக்கினு நிக்கறா." மறுபடி வானத்தைப் பார்த்தார். "மேகம் கட்டற மாதிரி இருக்குதே சார்."

யமுனா துள்ளி எழுந்தாள். "சார், உடனே நகரிக்குக் கிளம்பலாம். யாரோ பஸ் ஸ்டாண்டுலேருந்தே பின்னால வந்திருக்கான்."

"நகரிக்கு வேணாம். திருவேங்கடம் வீட்டுக்குப் போவோம்," என்றார் நாகேந்திரன்.

திருவேங்கடம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பரம்பரையா அம்மனுக்கு வேஷம் கட்டறவர் நீங்க," என்றார் நாகேந்திரன் நிதானமாக. "சாட்டிம்பு போட்ட பிறகு, அதுவும் வேஷம் கட்டின ராத்திரியே, எல்லை தாண்டிப் போய்ப் படுத்திருப்பீங்களா? ரோஹிணி ஊருக்குப் புதுசு, நம்பிட்டாங்க. வெளியூர்லேருந்து வந்தவங்க யாருன்னாலும் நம்புவாங்க. ஆனா யமுனா, நான் போன்ல பேசினதை நீயும் கேட்டுக்கினுதானே இருந்த?"

யமுனா சுவரைப் பார்த்தாள். "அப்படின்னா கட்டை இவரே யாருக்கோ கொடுத்துட்டாரா?"

"கொடுத்தவன் மழைக்கு ஏன் பயப்படறான்? துணி கிளிப்பை மாட்டிக்கினு ஏன் அலையறான்? கட்டு ஊரை விட்டே போகல. நனைஞ்சுபோய்க் கொடியில காயுது. சரிதானே?"

திருவேங்கடம் தலையாட்டினார். "கடைசி அத்தியாயத்தோட மொழிபெயர்ப்பை ரோஹிணி அம்மா புதுசா மாத்தியிருந்தாங்க சார். அதைப் படிக்காம அனுப்ப மனசு வரல. சாயங்காலம் குழாயடியில வேஷத்தைக் கழுவும்போதும் படிச்சுக்கினு இருந்தேன். பக்கெட் கவிழ்ந்து கட்டு பூரா நனைஞ்சிடுச்சு. பால்பாயின்ட் மை, ஒரு எழுத்தும் கலையல. காய்ஞ்சதும் பை கிடைச்சுடுச்சுன்னு கொடுத்துடலாம்னு பார்த்தேன். அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரல."

ரோஹிணிக்கு உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது. ஆட்டோவில் போகும்போது, நாளைக் காலை முதல் பஸ்ஸில் கட்டோடு தானே போய், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவதாகச் சொன்னாள். திருவேங்கடத்தைத் திட்டவும் ஏழெட்டு வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் நாலு கொடி கட்டி, பக்கம் பக்கமாகக் காகிதம் தொங்கியது. கொடிகளுக்கு நடுவே அக்கம்பக்கத்துச் சனம் பூராவும் நின்றது. அன்றைய வேஷத்துக்குக் குங்குமம் பூசிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கிண்ணத்தோடு வந்திருந்தார்கள். திருவேங்கடத்தின் மனைவி பச்சையம்மாள் ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் படித்து, தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெலுங்கிலும் சொல்லிக்கொண்டே நகர்ந்தாள். கூட்டமும் ஒவ்வோர் அடியாக அவளோடு நகர்ந்தது. செல்லியம்மா என்ற பக்கத்து வீட்டுக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திட்ட வந்த வார்த்தை ஒன்றுகூட ரோஹிணிக்கு நினைவில் இல்லை. நெஞ்சு நிறைந்து சிரிப்பும் அழுகையுமாக வந்தது. எதையாவது செய்ய வேண்டுமே என்று கையருகே இருந்த காய்ந்த பக்கம் ஒன்றின் கிளிப்பைக் கழற்றப் போனாள்.

செல்லியம்மா அவள் கையைப் பிடித்துத் தள்ளினாள்.

"யாரும்மா நீ? அதுல கை வைக்காத. அந்தப் பொண்ணு இன்னும் ஏணியிலயே நிக்கறா."