உரியவர் மட்டுமே பிரிக்கவும்!

டுமீல்!

ஒரே ஒரு வெடிச் சத்தம்.

வெர்னா கோல்ஸ்டட் கல்லில் பான்கேக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். சமையலறை ஜன்னல் கண்ணாடி லேசாய் அதிர்ந்தது.

"எவன்டா அது... சீசனே நாளைக்குத்தானே ஆரம்பிக்குது!" என்று முணுமுணுத்தாள்.

மொன்டானாவின் அந்த மலை மடிப்பில், எல்க் மான் வேட்டைக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ் அவளுடையது. அவளுடையது மட்டும்தான். கணவன் ஆல்வின் போன வருட சீசனில், எங்கிருந்தோ வந்த ஒரு குண்டுக்குப் பலியாகிவிட்டான். சுட்டது யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

பான்கேக் மேசைக்குப் போகவில்லை. அதற்குள் மலைப் பாதையிலிருந்து அலறல் கேட்டது!

ஒஹையோவிலிருந்து வந்திருந்த இரண்டு வேட்டைக்காரர்கள் தலைதெறிக்க ஓடி வந்தார்கள்.

"ராய்ஸ்... ராய்ஸ் செத்துக் கிடக்கான்!"

ராய்ஸ் டூலி. லாட்ஜின் வேட்டை வழிகாட்டி. வெர்னா கோட்டுகூட மாட்டாமல், குறுக்கே வீசிய காற்றில் மேலே ஓடினாள். லாட்ஜில் இருந்த அத்தனை பேரும் பின்னால் ஓடினார்கள்.

பனியில் குப்புறக் கிடந்தான் ராய்ஸ். நெஞ்சைத் துளைத்த குண்டு, பின்னாலிருந்த பைன் மரத்தில் போய்ப் புதைந்திருந்தது.

* * *

ஷெரிஃப் ஜோலீன் ஸ்ட்ரேக்கர் வந்ததும் முதலில் வெர்னாவுக்குத் தன் கோட்டைப் போர்த்திவிட்டாள். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அதனாலேயே அடுத்த கேள்வியைத் தயங்கித்தான் கேட்டாள்.

"வெர்னா... நேத்து சாயங்காலம் ராய்ஸை எல்லார் முன்னாடியும் திட்டினியாமே?"

"திட்டினேன். ஆல்வின் போனதுல இருந்து ஒரே குடி. நேத்தும் தள்ளாடிக்கிட்டு வந்து, 'உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் வெர்னா'ன்னான். 'என் மூஞ்சியிலயே முழிக்காதே'ன்னு கதவைச் சாத்திட்டேன்..."



ஷெரிஃபின் உதவியாளன் மைலோ மூச்சு வாங்க வந்தான். கையில் சின்ன பிளாஸ்டிக் பை.

"மேடம், குண்டு கிடைச்சிருச்சு! எட்டு மில்லிமீட்டர் மேக்னம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பாறைக்குப் பின்னால படுத்துச் சுட்டிருக்கான். முன்னூறு கஜம் இருக்கும்."

"எட்டு மில்லிமீட்டரா? இந்தச் சுத்து வட்டாரத்துல யாருகிட்டயும் அந்தத் துப்பாக்கி கிடையாதே?"

வெர்னாவின் முகம் வெளுத்தது.

பேசாமல் இருந்திருக்கலாம். வேறு யாராயிருந்தாலும் இருந்திருப்பார்கள். இவள் வெர்னா!

"ஒண்ணு இருக்கு, ஜோலீன். என் ஸ்டோர் ரூம்ல."

* * *

நீளமான அட்டைப் பெட்டி. உள்ளே என்ன என்று வெளியே ஒரு எழுத்து இல்லை. விலாசம் மட்டும். 'லைல் ஹாகன், மேற்பார்வை: வெர்னா கோல்ஸ்டட்.'

"மினசோட்டாக்காரர். ஆறு வருஷமா வர்றார். இன்னிக்கு மத்தியானம் வந்துருவார். முந்தாநாள் தபால்ல வந்துச்சு, நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்" என்றாள் வெர்னா.

மைலோ பேனாக் கத்தியை நீட்டினான்.

"கிழிச்சுப் பாத்துருவோமா மேடம்?"

"கையை எடு!" வெர்னா கத்திய கத்தலில் மைலோ பின்வாங்கினான். "வேட்டைக்கு வெளி மாநிலம் போறவன் தன் ரைஃபிளைத் தனக்குத்தானே அனுப்பிக்கலாம். என் விலாசத்துக்கு வரலாம், என் வீட்டுல கிடக்கலாம். ஆனா பெட்டியைப் பிரிக்கிறது அவன் மட்டும்தான்! சட்டம் அப்படி. இத்தனை வருஷத்துல ஒருத்தர் பெட்டியிலயும் நான் நகம்கூட வச்சதில்ல."

"ஸ்டோர் ரூம் சாவி?"

"என்கிட்டதான். சமையல்கட்டு ஆணியில மாட்டியிருப்பேன்."

ஜோலீன் பெருமூச்சு விட்டாள்.

"வாரண்டுக்கு நீதிபதியைத் தேடி டவுனுக்குப் போய் வர்றதுக்குள்ள, பெட்டிக்காரனே வந்துருவான். காத்திருப்போம்."

வெர்னா காபி போட்டாள். யாரும் குடிக்கவில்லை.

* * *

லைல் ஹாகன் வந்து இறங்கினான். ஐம்பதைத் தாண்டிய, சவரம் பண்ணின, கோவிலுக்குப் போகிற மாதிரி சட்டை போட்ட மனிதன். விஷயம் கேட்டதும் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

"ராய்ஸா? ஐயோ... தங்கமான ஆளாச்சே! வெர்னா, உனக்கு அடி மேல அடி விழுதேம்மா!"

"கார்லதானே வந்தீங்க, மிஸ்டர் ஹாகன்? ரைஃபிளை டிக்கியில போட்டுக்கிட்டு வந்திருக்கலாமே. எதுக்குத் தபால்?" என்று கேட்டாள் ஜோலீன்.

"வழியில மக வீட்டுல ரெண்டு நாள் தங்கினேன், ஷெரிஃப். சின்னப் பேரப்பசங்க இருக்கிற வீடு. துப்பாக்கின்னா வாசப்படி ஏற விடமாட்டா."

"நேத்து ராத்திரி?"

"நெடுஞ்சாலையில ஒரு மோட்டல்ல படுத்தேன். காலையில பத்து மணி வரைக்கும் தூக்கம். ஏன், என்னையா சந்தேகப்படுறீங்க? என் துப்பாக்கிதான் இங்க பெட்டிக்குள்ள தூங்குதே!"

நியாயமான பேச்சு. துப்பாக்கியே இல்லாதவன் எதை வைத்துச் சுடுவான்?

"பிரிங்க" என்றாள் ஜோலீன்.

லைல் பெட்டியைப் புரட்டினான். நின்றான்.

"இ... இதென்ன? அடியில பாருங்க! இது நான் ஒட்டின டேப் இல்ல!"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

கிழித்துத் திறந்தான். ரைஃபிள் இருந்தது. ஜோலீன் குனிந்து குழல் முனையை முகர்ந்தாள்.

புதிதாய் வெடித்த மருந்து வாடை!

"துடைச்சு, எண்ணெய் போட்டு அனுப்பினேன், ஷெரிஃப்..." லைலின் குரல் நடுங்கியது. பிரமாதமாய் நடுங்கியது. "யாரோ எடுத்துச் சுட்டுட்டுத் திரும்ப வச்சிருக்காங்க. வெர்னா... என்ன காரியம்மா பண்ணிட்டே?"

எல்லாக் கண்களும் வெர்னா மேல் திரும்பின.

"நான் தொடல... ஜோலீன், சத்தியமா நான் தொடல! நீயாவது நம்புடி!"

ஜோலீன் ரைஃபிளை நீளமான பையில் போட்டாள். சீல் வைத்தாள். வண்டிக்குக் கொண்டுபோய்ப் பூட்டினாள். ஷெரிஃபுக்குத் தோழி கிடையாது. பெட்டி வெர்னாவிடம் இருந்தது, சாவி வெர்னாவிடம் இருந்தது, சண்டையும் வெர்னாவோடுதான். மிச்ச ஆயுள் முழுக்கச் சிறை என்று தீர்ப்பெழுத எந்த ஜூரிக்கும் இது போதும். வெர்னாவுக்கும் அது தெரிந்தது. கதவு நிலையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வண்டியிலிருந்து திரும்பும்போது ஜோலீன் நின்றாள்.

லாட்ஜுக்குப் பின்னால், மண்மேட்டு முன் மரச் சட்டம். அதில் வட்டம் போட்ட காகிதம். பக்கத்தில் வெர்னா கையால் எழுதின பலகை: 'வந்ததும் முதல் மூணு தோட்டா காகிதத்தில்! அப்புறம்தான் மலை.'

ஊரில் எல்லா லாட்ஜிலும் உள்ள வழக்கம்தான். தபாலில் வரும் ரைஃபிளை லாரிக்கு லாரி தூக்கிப் போட்டிருப்பார்கள். குறி பார்க்கும் ஸ்கோப் கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் குறி கெட்டது. அதனால் காகிதத்தில் சுட்டு, ஸ்கோப்பைச் சரிசெய்த பிறகுதான் வேட்டை. அதைச் செய்யாமல் மானைச் சுடுகிறவனைப் பார் மேசையில் வருடக்கணக்கில் கிண்டல் பண்ணுவார்கள்.

ஜோலீன் உள்ளே வந்து வெர்னா முன் மண்டியிட்டாள்.

"காலையில எத்தனை வெடி கேட்டுச்சு?"

"ஒண்ணுதான்."

"நேத்து?"

"நேத்தும் இல்ல, பெட்டி வந்த முந்தாநாளும் இல்ல. யாரும் சுடல."

ஜோலீன் எழுந்தாள். வெளியே போய் மைலோவின் காதில் ஏதோ சொன்னாள். மைலோவின் முகம் கோணிற்று. ஆனாலும் போனான்.

* * *

டுமீல்! டுமீல்! டுமீல்!

பின்பக்கத்திலிருந்து மூன்று வெடிகள். கொஞ்ச நேரத்தில் மைலோ காகிதத்தோடு வந்தான்.

ஜோலீன் அதை மேசையில் விரித்தாள். நடுவட்டம் கன்னி கழியாமல் இருந்தது. மூன்று ஓட்டைகளும் இடது ஓரத்தில்!

"வெர்னா, எந்திரி. உன்னைக் கைது பண்ணல" என்றாள். "மிஸ்டர் ஹாகன், உங்க துப்பாக்கி ஒரு அடி இடப்பக்கம் அடிக்குது. இதை வச்சு முன்னூறு கஜத்துல ஒரே குண்டுல ஒரு மனுஷனை விழ வைக்க முடியாது. கொன்னது இந்தத் துப்பாக்கியே இல்ல."

லைல் காகிதத்தைத் தள்ளிவிட்டான்.

"அபத்தம்! என் ரைஃபிள் இடப்பக்கம் அடிக்காது."

"காகிதம் பொய் சொல்லுமா? விடுங்க, பழைய துப்பாக்கி. ஸ்கோப்பும் மட்டமான சரக்கு போல..."

"மட்டமா?" நாற்காலி பின்னால் சாய, லைல் எழுந்துவிட்டான். "எங்கப்பா கொடுத்த ரைஃபிள் அது!"

"பொம்மைத் துப்பாக்கிகூட இதைவிட நேரா அடிக்கும் சார்" என்றான் மைலோ.

"வாயை மூடுடா! ஒரு மயிரிழை நகராது அது! வலப்பக்கத்துல இருந்து அப்படியொரு காத்து குறுக்கே அடிச்சும், முதல் குண்டே வச்ச இடத்துல..."

நின்றான்.

ஜன்னலுக்கு வெளியே ஓர் இலைகூட அசையவில்லை. லைல் வந்து இறங்கியதிலிருந்தே அசையவில்லை.

ஜோலீன் ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"எந்தக் காத்து, லைல்?"

லைல் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"பொழுது விடியறப்ப இந்த மலையில காத்து அடிச்சுது. நீங்க மோட்டல்ல தூங்கிட்டு இருந்தீங்களே?"

லைல் தொப்பியைத் தேடினான். எப்போதோ திரும்ப மாட்டிக்கொண்டது தலையிலேயே இருந்தது... அதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"நான் சொல்றேன். தபால்ல உருண்டு வந்த அடுத்தவன் துப்பாக்கியை எடுத்து, ஒரு தோட்டாகூடச் சரிபார்க்காம, முதல் குண்டை முன்னூறு கஜத்துக்கு நம்பி யாரும் விடமாட்டான். வெர்னா விடவே மாட்டா. அப்போ, அந்தத் துப்பாக்கி தபால்ல வரவே இல்ல! பெட்டியில எடைக்கு எடை என்ன வச்சு அனுப்பினே?"

லைல் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"இரும்புக் குழாய்..." என்றான் லைல். "ரைஃபிள் என் வண்டியிலயே வந்துச்சு. சுட்டுட்டு, எல்லாரும் பிணத்தைப் பாக்க மேல ஓடினப்போ, பின் வாசல் வழியா வந்து மாத்தி வச்சேன். சாவி எங்க தொங்கும்னு தெரியும். குழாய் ஓடைப் பாலத்துக்குக் கீழ கிடக்கு."

ஜோலீன் கண்ணைக் காட்ட, மைலோ விலங்கை மாட்டினான்.

"வெர்னா பெட்டியைப் பிரிச்சுப் பாத்திருந்தா?"

"பிரிக்கமாட்டா." லைல் தரையைப் பார்த்தபடி சொன்னான். "உசிரே போனாலும் பிரிக்கமாட்டா."

பிரிக்கவே மாட்டாள் என்று நம்பித்தான் பெட்டியை அனுப்பினான். பிரித்துவிட்டாள் என்று சொல்லித்தான் பழியைப் போட்டான். நான் எத்தனையோ அயோக்கியர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒருத்தியின் நேர்மையையே அவளுக்குக் கயிறாகத் திரித்தவன் இவன் ஒருவன்தான்.

வெர்னா அவன் எதிரே வந்து நின்றாள்.

"ராய்ஸ் உனக்கு என்னடா பண்ணினான்?"



"போன வருஷம்... புதருக்குள்ள ஏதோ அசைஞ்சுது. எல்க்னு நினைச்சுட்டேன், வெர்னா. கிட்டப் போய்ப் பாத்தா ஆல்வின். ராய்ஸ் என்கூட இருந்தான். யாருக்கும் சொல்லாதேன்னு காலைப் பிடிச்சேன். ஒரு வருஷம் பொறுத்தான். போன வாரம் போன் பண்ணி, 'இனிமே தாங்காது, வெர்னாகிட்ட சொல்லப் போறேன்'னான்..."

வெர்னா அடிக்கவில்லை. அழவும் இல்லை.

"சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தியே" என்றாள். "இதே மேசையில உக்காந்து, நான் போட்ட காபியைக் குடிச்சுட்டு, 'ஆண்டவன் சித்தம்'னு என் கையைப் பிடிச்சியே..."

அவனை வண்டியில் ஏற்றினார்கள்.

அப்புறம்தான் அழுதாள். ஆல்வினுக்காகக் கொஞ்சம். சாத்தின கதவுக்கு வெளியே நின்ற ராய்ஸுக்காக நிறைய.

ஜோலீன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். மைலோ சும்மா நிற்கத் தெரியாமல், ஆறிப்போன பான்கேக்கைத் தின்றுகொண்டிருந்தான்.

கடைசியில் வெர்னா மூக்கைத் துடைத்துக்கொண்டு காகிதத்தைக் கையில் எடுத்தாள்.

"அந்த நல்ல ரைஃபிள் எப்படி ஜோலீன் ஒரு அடி தள்ளி அடிச்சுது?"

"அது சீல் வச்ச பையை விட்டு வெளியவே வரல. நான் எடுத்துச் சுட்டிருந்தா கேஸே நாறிப் போயிருக்கும்."

"அப்போ இந்த ஓட்டை?"

"மைலோவோட ரைஃபிள்."

மைலோவுக்குப் பான்கேக் தொண்டையில் அடைத்தது. காது சிவந்தது.

"ஓரமா சுடுன்னு சொல்லி அனுப்பினியா?"

"சேச்சே! நடுவுல பாத்துச் சுடுன்னுதான் சொன்னேன்" என்றாள் ஷெரிஃப். "ஓரமா சுடுன்னு சொல்லியிருந்தா, இந்தப் பாவி நடுவுல சுட்டுத் தொலைச்சிருப்பான்!"