மாட்டிவைத்த வில்லை

காலை எட்டு மணிக்கு, செவ்வாய்க் கோளின் செம்மேட்டு மக்கள் தங்கள் காற்றை முழங்கையில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்கள்.

காற்று என்றால் மூச்சுக்கூடு. கண்ணாடிக் கூடைபோல இருக்கும். தலையில் கவிழ்த்தால் கழுத்துப்பட்டையோடு ஒட்டிக்கொள்ளும். பின்புறச் சிறு உருளையில் இருபது நிமிடத்துக்கான மூச்சு அடைத்திருக்கும். வீடுகள் உள்ள குவிமாடத்தையும் ஆலைகள் உள்ள குவிமாடத்தையும் இணைக்கும் குழாய்ப்பாதையில் மட்டும் அதை அணிய வேண்டும். அந்தப் பாதையின் சுவர் மெல்லியது. மிளகளவு விண்கல் துளைத்தால் போதும், உள்ளிருக்கும் காற்று வெளியே ஓடிவிடும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கூட்டுக்குள் வியர்க்கும், முடி கலையும், தொட்டிப் பண்ணையில் அரும்பாடுபட்டு வளர்த்த மல்லிகை நசுங்கும். ஆகவே முழங்கை.

காவலி தென்பட்டால் மட்டும் கதை வேறு. காவலி ஓர் ஆளுயர இயந்திரம். மார்பில் நீல விளக்கு எரியும். தூரத்தில் நீலம் தெரிந்ததும், எதிரே வருபவர் கைவிளக்கை மூன்று தரம் சிமிட்டி எச்சரிப்பார். கூடுகள் தலைக்கு ஏறும். காவலி படம் எடுத்துக்கொள்ளும். அது இருபது அடி தாண்டியதும் கூடுகள் மறுபடி முழங்கைக்கு இறங்கும். படங்களின்படி, சென்ற ஆண்டு சட்டத்தை மதித்தவர்கள் நூற்றுக்கு நூறு.

போன வாரம் பாதையில் துளை விழுந்தது. முப்பத்தொரு பேர் மயங்கிச் சாய்ந்தார்கள். அடைப்புப் பசை தானாகப் பொங்கித் துளையை மூடியதால் எல்லோரும் பிழைத்தார்கள். அவர்களில் ஒருவன் சேந்தன், காவல் ஆய்வாளர் நப்பின்னையின் கணவன்.

"கையிலதான இருந்துச்சு? தலையில போட என்ன கேடு?" என்று மருத்துவமனைக் கட்டிலருகே அவள் பொரிந்தாள்.

"நீலத்தையே காணோம். எதுக்குப் போடணும்?"

"பன்னெண்டு காவலி ராப்பகலா நடக்குது. நான் தினம் போய்ப் பாக்குறேன்ல?"

"நீ போறப்ப நடக்கும்." மூக்கில் குழாயோடு சிரித்தான் சேந்தன். "நாளன்னைக்கு நான் அதே வழியாத்தான் வேலைக்குப் போவணும், இன்ஸ்பெக்டரம்மா. தாலி உன்னுது. பாத்துக்க."

அந்தச் சிரிப்பு அவளைக் குடைந்தது. அவள் சட்டையில் ஒரு பணி வில்லை உண்டு. பித்தான் அளவுதான். அவள் எங்கே இருக்கிறாள் என்பதை அது சுற்றிலும் அலையாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். காவலிகளுக்கு அதுதான் மேலதிகாரி, அலுவலகத்துக்கு அதுதான் வருகைப்பதிவு. மறுநாள் அவள் அந்த வில்லையை எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக்கி மூடினாள். உலோகத்துக்குள் அலை செத்துவிடும். சாதாரணச் சேலையில் பாதைக்குள் நுழைந்தாள்.

நடுவே இருந்த மின்னூட்ட மாடத்தில் பதினோரு காவலிகள் விளக்கை அணைத்துவிட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. பன்னிரண்டாவது, சற்றுத் தள்ளிக் காவல் நின்றது. ஜனங்களை அல்ல, மேலதிகாரியை எதிர்பார்த்து.

அவள் டப்பாவைத் திறந்தாள். அந்தக் காவலி நீல விளக்கை மூன்று தரம் சிமிட்டியது. பதினொன்றும் துள்ளி எழுந்து விறைப்பாக நடக்கத் தொடங்கின.

"இதுதான் ரோந்தா?"

"மன்னிச்சுக்கங்கம்மா. நீங்க வர்றது தெரியலை" என்றது அருகில் வந்த ஒன்று.

"சட்டம்னா இதுதான்னு யாரு உங்களுக்குச் சொல்லிக்குடுத்தது?"

"யாரும் சொல்லலைம்மா. ஜனங்களைப் பாத்துக் கத்துக்கச் சொன்னாங்க. ரெண்டு வருஷம் பாத்தோம். சட்டம்னா, யாராச்சும் பாக்குறப்ப செய்யறது." குரலைத் தாழ்த்திக்கொண்டது. "உங்க கூடு முழங்கையில இருக்கும்மா."

நப்பின்னை அவசரமாகக் கவிழ்த்துக்கொண்டாள். நல்லவேளை, கண்ணாடியில் ஆவி படிந்து முகத்தை மறைத்தது.

காவலியின் மூளை, கட்டளைகளை எழுதி வைத்த ஏடு அல்ல; பார்த்ததை அச்செடுக்கும் மெழுகு. திருத்த வேண்டுமென்றால் இன்னும் இரண்டு ஆண்டுகள் அதற்கு நல்ல மக்களைக் காட்ட வேண்டும். யாரும் பார்க்காதபோதும் சட்டப்படி நடப்பவர்கள் ஓர் ஐம்பது பேராவது வேண்டும். செம்மேட்டில் அவ்வளவு பேருக்கு எங்கே போவது?

அவள் யோசித்தாள். பாதையின் நடுவே, உயரத்தில் ஒரு கொக்கியில் தன் வில்லையை மாட்டினாள். அதன் அலை இரு முனைக்கும் எட்டியது. அன்றிலிருந்து பன்னிரண்டு காவலிகளும் ஓயாமல் நடந்தன. கைவிளக்குச் சிமிட்டல் பயனற்றுப்போனது. எல்லாப் பக்கமும் நீலம். கூடுகள் தலையிலேயே தங்கின.

மூன்றாம் மாதம் இன்னொரு விண்கல் விழுந்தது. அந்த நேரத்தில் பாதையில் எண்பது பேர். ஒருவரும் மயங்கவில்லை. "முடியெல்லாம் போச்சு" என்று திட்டிக்கொண்டே சேந்தன் வீடு திரும்பினான்.

அப்போது நப்பின்னை ரோஸ்லின் அக்காவின் டீக்கடையில் மூன்றாவது டீயில் இருந்தாள். வில்லைதான் பாதையைப் பார்த்துக்கொள்கிறதே. முதல் வாரம் அவளும் போய் வந்தாள். இரண்டாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு, அலுவலகத்துக்கும் வில்லைதானே சாட்சி என்பது நினைவுக்கு வந்தது.

"என்ன இன்ஸ்பெக்டரம்மா, இன்னிக்கும் டூட்டி இல்லையா?"

"டூட்டியிலதான்க்கா இருக்கேன். அந்த பஜ்ஜியை எடுங்க."

ஆணையர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. பாராட்டு மடல் தயாராம். குற்ற உணர்வோடு போனாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்று படியேறும்போதே தீர்மானித்துக்கொண்டாள்.

"ஐயா இருக்காரா?" என்று அறை வாசலில் நின்ற காவலியிடம் கேட்டாள்.

"காலையில இருந்து உள்ளேதாம்மா இருக்கார்."

கதவைத் திறந்தாள். மேசைமேல் மடல் இருந்தது: 'தொண்ணூறு நாட்களாக ஒரு நிமிடமும் பாதையைவிட்டு அகலாத இவரது கடமையுணர்வை நானே நேரில் கண்டேன்.' கையெழுத்தின் மை மட்டும் மங்கியிருந்தது; வெற்றுத் தாளில் வெகுநாள் முன்பே போட்டுவைத்த கையெழுத்து. விளக்கு எரிந்தது. காற்றூதி சுழன்றது. நாற்காலியின் முதுகில் ஆணையரின் கோட்டு மாட்டியிருந்தது. அதன் பையில் அவருடைய வில்லை 'பணியில்' என்று பச்சையாக ஒளிர்ந்தது.

நப்பின்னை கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். வாசலில் காவலி நிற்பது நினைவுக்கு வந்ததும் முதுகை நிமிர்த்தி, கோட்டுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தாள்.

காவலி அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டது.