கோழி குடித்த கஞ்சி

"ஐயோ! கோழி!"

நேசமலரின் அலறல் நெளுக்குளம் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும்.

கஞ்சிக் கோப்பைக்குப் பக்கத்தில் கோழி... கால்களை விறைக்க நீட்டிக்கொண்டு!

மஞ்சளும் வல்லாரையும் போட்டு ஆறவைத்த கஞ்சி. மறதி நோய்க்காரரான அவள் புருசன் கனகலிங்கம் குடித்திருக்க வேண்டியது!

அவரைப் பார்க்க வந்திருந்த டொக்டர் றுக்ஷானா கோப்பையை முகர்ந்தார். முகம் வெளுத்தது.

"பூச்சிமருந்து! ஆருக்கக்கா இவரில கோவம்?"

"கோவமில்லை டொக்டர்... பயம்!" நேசமலர் கதிரையில் சாய்ந்திருந்த புருசனைப் பார்த்தாள். "என்ர தம்பி அனோஜன் போன வருசம் கிணத்துக்க விழுந்து செத்தவன். இவர்தான் கண்டவர். 'தள்ளிப்போட்டான்' எண்டு கத்திக்கொண்டு ஓடிவந்தார். ஆரெண்டு கேட்டால்... மறந்துபோச்சு!"

"மருந்து குடுக்கிறதை ஆருக்கும் சொன்னனீங்களோ?"

"நீங்கள் சொன்ன மஞ்சள், வல்லாரைக் கஞ்சியால இனி எல்லாம் ஞாபகம் வரும் எண்டு சந்தை முழுக்கச் சொல்லிப்போட்டன்!"

"நல்லாச் செய்தியள்!"

டொக்டர் அடுப்பில் இருந்த மிச்சக் கஞ்சியைப் பார்க்கக் குசினிக்குள் ஓடினார்.

வேலிப் படலை கிறீச்சிட்டது.

இளையதம்பி! பக்கத்துக் காணிக்காரன்.

"என்னக்கா கத்தினியள்... அண்ணை முடிஞ்சாரோ?"

நேசமலருக்குச் சட்டென உறைத்தது. காலையில் வாழையிலை கேட்டு வந்தவனும் இவன்தான்... குசினிப் பக்கமாக!

அவன் கண் கதிரையில் விழுந்தது. கனகலிங்கம் உயிரோடு இருந்தார்!

படலையைச் சாத்தினான். இடுப்புச் சறத்துக்குள்ளிருந்து கத்தி வெளியே வந்தது.

"தம்பி... வேண்டாமடா!" நேசமலர் கெஞ்சினாள்.

கனகலிங்கம் மெல்ல எழும்பினார். விரலை நீட்டினார்.

"டேய்... நீதானே!"

கத்தி நழுவியது.

"அண்ணை! வேணுமெண்டு செய்யேல்லை! வேலிச் சண்டையில அனோஜனைத் தள்ளிப்போட்டன்... கிணறு பின்னால இருந்தது தெரியேல்லை!"

"நீதானே..." விரல் ஆடியது. "தேங்காய் புடுங்க வந்தனீ? மரம் அங்காலை!"

அவருக்கு ஒன்றுமே ஞாபகமில்லை!

இளையதம்பி பாய்ந்து படலையைத் திறந்தான்.

வெளியே... அலறலுக்கு ஓடிவந்த சனம்! வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற சனம்! அவனை அமுக்கிப் பிடித்து மரத்தோடு கட்டியது.

குசினிக்குள்ளிருந்து வந்த டொக்டர் வியர்வையைத் துடைத்தார்.

"அக்கா, நான் சொன்னது வேற. மூளைக்குள்ள புரதம் கட்டிப்படுறதை மஞ்சளில, வல்லாரையில இருக்கிற சாமான் தடுக்குமோ எண்டு இப்பதான் கண்ணாடிக் குழாயில வச்சுப் பாக்கினம். போன ஞாபகத்தைத் திருப்பித் தாற மருந்து ஒண்டுமில்லை!"

நேசமலர் மரத்தடியைப் பார்த்தாள்.

"என்ன டொக்டர் சொல்லுறியள்? ஒரு மிடறும் குடிக்காமலே அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்திட்டுதே!"