பாட்டில் கறுக்கும்வரை

சமையலறை அலமாரியில், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால், வெயில் எட்டிப் பார்க்காத மூலையில் ஒரு பாட்டில் இருந்தது. அதற்குக் காவல் இரண்டு பேர். ஒருத்தி குருவி. ஓயாமல் பேசுவதால் வந்த பெயர் அது. வயது பத்து. இன்னொருவன் அவள் தம்பி தக்காளி. அவனுக்கு அழுகை வருவதற்கு முன்பே முகம் சிவந்துவிடும். வயது ஐந்து. இருவருடைய நிஜப் பெயர்களும் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான்.

பாட்டிலைத் தயார் செய்து வைத்தது அம்மா. கேக் செய்வது அம்மாவின் வேலை. முன்பு தெருமுனை பேக்கரியில் செய்துகொண்டிருந்தார். இப்போது ஒரு பெரிய பயணிகள் கப்பலில் செய்கிறார்.

கப்பலுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், அம்மா இருவரையும் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே நீளநீளமாக, கறுப்பாகச் சுருங்கிப்போன காய்கள்.

"ஷூ லேஸா?" என்றான் தக்காளி.

"வெனிலா காய்டா. மோந்து பாரு."

முகர்ந்து பார்த்தவன் காயைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. சாயங்காலம் பேக்கரியிலிருந்து வீட்டுக்குள் நுழையும் அம்மாவின் வாசனை அது.

அம்மா சின்னக் கத்தியால் ஒவ்வொரு காயையும் நீளவாக்கில் கீறினார். உள்ளே பொடிப்பொடியாக விதைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. காய்களைப் பாட்டிலில் போட்டு, அவை மூழ்கும்வரை கேக்குக்குச் சேர்க்கிற கிளிசரினை ஊற்றினார். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருந்தாலும் அது சோம்பேறித்தனமாகத்தான் இறங்கியது.

"இனிமே காயில இருக்கிற வாசனையும் நிறமும் தானா இறங்கும். வாரம் ஒரு தடவை குலுக்கினாப் போதும். அவசரப்படுத்த முடியாது. கறுகறுன்னு ஆனாத்தான் எசன்ஸ் தயார்."

"நீ எப்பம்மா வருவ?" தக்காளியின் முகம் சிவக்கத் தொடங்கியிருந்தது.

அம்மா பாட்டில் மூடியை இறுக்கினார். "இது கறுத்ததும் வந்துடுவேன். வந்து இதுலயே ஒரு கேக் செய்யலாம்."

அழுகையை நிறுத்துவதற்காகச் சொன்ன வார்த்தைதான். தக்காளி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் குலுக்கல்தான். முதலில் குருவி, அப்புறம் தக்காளி. அவன் குலுக்கும்போது பாட்டிலைவிட அவன்தான் அதிகம் குலுங்குவான். பிறகு மூடியைத் திறந்து ஆளுக்கு ஒருமுறை முகர்ந்துகொள்வார்கள். இன்னொரு முறை கேட்டால் குருவி மூடியைப் போட்டுவிடுவாள்.

அந்த ஒருமுறைக்காகத்தான் குருவி வாரம் முழுக்கக் காத்திருந்தாள். முன்பெல்லாம் கதவுக்குப் பின்னால் அம்மாவின் பழைய ஏப்ரன் தொங்கும். ஏக்கம் தாங்காதபோது அதில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அவர்களுடைய அப்பா பஸ் ஓட்டுநர். ஒரு விடுமுறை நாளில், வீட்டைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அவர் அந்த ஏப்ரனையும் துவைத்துவிட்டார். கொடியில் அது சோப்பு வாசனையோடு ஆடுவதைப் பார்த்துக் குருவி பேசாமல் நின்றாள். குருவி பேசவில்லை என்றால் விஷயம் பெரிது என்று அப்பாவுக்குத் தெரியும்.

"தெரியாமப் பண்ணிட்டேம்மா," என்றார். அன்றைக்கு அவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் அம்மாவின் வாசனை அந்தப் பாட்டிலில் மட்டும்தான் இருந்தது.

பாட்டில் தேன் நிறத்துக்கு வந்திருந்தபோது அம்மா போனில் வந்தார். நடுக்கடல் என்பதால் திரையில் முகம் நின்று நின்றுதான் வந்தது.

"கப்பல் இன்னொரு சுத்து போகுதாம். எனக்குப் பதிலா வர ஆள் கிடைக்கல. இன்னும் கொஞ்ச நாளாகும், செல்லங்களா."

"எவ்வளவு நாளும்மா?" என்று குருவி கேட்பதற்குள் படம் நின்றுவிட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தபடி அம்மா அப்படியே நின்றார். தக்காளி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அழவில்லை. அதுதான் குருவிக்கு என்னவோ போல இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாட்டிலை எடுத்த குருவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதுவரை தேன் நிறத்தில் இருந்தது, இப்போது தார் மாதிரி கறுத்துக் கிடந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தாள். காபி வாசனை.

அலமாரியில் அப்பாவின் இன்ஸ்டன்ட் காபித்தூள் டப்பா கோணலாக மூடியிருந்தது. மேசைக்கு அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன.

"தக்காளி, வெளிய வா."

"நான் இங்க இல்ல."

"இதுல என்னடா போட்ட?"

"கொஞ்சமாத்தான் போட்டேன்," என்றது மேசையடிக் குரல். "கறுத்ததும் வந்துடுவேன்னு அம்மாதானே சொன்னாங்க. இப்ப கறுத்துடுச்சு. போன் பண்ணிச் சொல்லுக்கா."

குருவிக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்தது. அம்மாவின் வாசனை இருந்த ஒரே இடத்தையும் கெடுத்து வைத்துவிட்டான். திட்டுவதற்குக் குனிந்தாள். அங்கே தக்காளி முழங்காலைக் கட்டிக்கொண்டு, அம்மா இப்போதே வரப்போவதைப் போல வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். குருவி திட்டவில்லை. மேசைக்கு அடியில் நுழைந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அம்மா பேசினதுலேர்ந்து நானும் தினம் தினம் குலுக்கினேன். ஸ்கூலுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, யாருக்கும் தெரியாம. சீக்கிரம் கறுக்கட்டும்னு."

"நீயுமா?"

"நானும்தான்."

"உனக்குக் காபித்தூள் தோணலையா?"

"தோணல."

தக்காளிக்கு இதில் கொஞ்சம் பெருமைகூட வந்தது. ஆனால் உடனே முகம் சிவந்துவிட்டது. "அப்ப அம்மா வரமாட்டாங்களா?"

குருவி வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பேசினாள். "பாட்டில் எப்படிடா அம்மாவைக் கூட்டிட்டு வரும்? கப்பல்தான் கூட்டிட்டு வரும். அம்மா வந்ததும் கேக் செய்ய எசன்ஸ் வேணும்ல? அதைப் பாத்துக்கிறது நம்ம வேலை. கப்பல் ஓட்டுறது வேற ஒருத்தர் வேலை."

"அவர் வேகமா ஓட்டுவாரா?"

"நம்ம அப்பா பஸ் ஓட்டுற மாதிரி ஓட்டுவார். மெதுவாத்தான். ஆனா வந்து சேர்ந்துடுவார்."

தக்காளி மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

குருவி கறுப்புத் திரவத்தை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, காய்களை முள்கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். தண்ணீரில் சட்டென்று அலசி, துணியில் ஒற்றி எடுத்தாள். ஒரு காயை மூக்கருகே கொண்டுபோனாள். முதலில் காபிதான் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை இழுத்தாள். காபிக்குப் பின்னால், தூரத்தில், அம்மா இருந்தார்.

"இருக்கா?" என்றான் தக்காளி.

"இருக்குடா."

அம்மா மிச்சம் வைத்துவிட்டுப் போன கிளிசரின் இருந்தது. பாட்டிலை ஈரம் இல்லாமல் துடைத்து, காய்களைப் போட்டு அதை ஊற்றினார்கள். பாட்டில் மறுபடியும் தண்ணீர் நிறத்துக்கே போயிருந்தது. தக்காளி அதைப் பார்த்துப் பெரிய மனுஷன் மாதிரி பெருமூச்சு விட்டான்.

அப்போது அப்பா சமையலறைக்குள் வந்தார். நடந்ததைக் குருவி மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். அப்பா கிண்ணத்தைப் பார்த்தார். எதையும் கொட்ட அவருக்கு மனசு வராது. சூடான பாலில் அந்தக் கறுப்புத் திரவம் இரண்டு கரண்டி கலந்து ஒரு வாய் குடித்தார். அப்புறம் ஜன்னலைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

"கசக்குதாப்பா?" என்றான் தக்காளி.

"இல்லடா." அப்பா இன்னொரு வாய் குடித்தார். "உங்கம்மா வேலை முடிஞ்சு வந்து பக்கத்துல உக்கார்ந்த மாதிரி இருக்கு."

அன்றிலிருந்து அப்பா காபி கலக்கும் நேரத்தில் இரண்டு பேரும் எங்கிருந்தாலும் சமையலறைக்கு வந்துவிடுவார்கள். அவர்களுக்குக் குடிக்கக் கிடைக்காது. சும்மா பக்கத்தில் நிற்பார்கள். கிண்ணம் காலியான அன்று அதைக் கழுவ யாருக்கும் மனம் வரவில்லை.

புதிதாக நிரப்பிய பாட்டில் அலமாரி மூலையில் மெதுவாக நிறம் மாறியது. வாரம் ஒரு தடவைக்கு மேல் அதை யாரும் குலுக்கவில்லை.

அது வெறும் டீ நிறத்தில் இருந்த ஒருநாள் மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. தக்காளி ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். பெட்டியோடு அம்மா நின்றார். தக்காளி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்பி உள்ளே ஓடி, பாட்டிலோடு வந்தான்.

"இது இன்னும் கறுக்கலம்மா. நீ சீக்கிரம் வந்துட்ட."

"அப்படியா? சரி, நான் போயிட்டு அப்புறமா வரட்டுமா?"

தக்காளி பாட்டிலை அக்காவிடம் தள்ளிவிட்டு அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டான். "வேணாம். இருக்கிறதை வெச்சே செஞ்சுக்கலாம்."

குருவி அம்மாவின் தோளில் முகத்தை வைத்தாள். ஏதோ சோப்பு, ஏதோ எண்ணெய், உப்புக்காற்று. அம்மாதான், ஆனால் கப்பல் வாசனை அடித்தது. இத்தனை நாள் காத்திருந்தும் ஏதோ குறைவது போல இருந்தது.

கையில் பாட்டில் இருந்தது. மூடியைத் திறந்து, ஒரு சொட்டை விரலில் தொட்டு, அம்மாவின் மணிக்கட்டில் தடவினாள்.

"பிசுபிசுன்னு இருக்குடி. என்ன பண்ற?" என்றார் அம்மா.

குருவி அம்மாவின் கையைப் பிடித்து ஒருமுறை ஆழமாக முகர்ந்தாள். அப்புறம் இன்னொரு முறை. அப்புறம் இன்னொரு முறை.